எண்ணெய் எங்கே போகிறது? வலது காலில் இருக்கிறது கணக்கு

தோட்டத்தை விட்டு வெளியேறி தாமானில் வீடு வாங்கிய குடும்பங்களில் பலவற்றுக்கு வேலை இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் வீடு, கோலாலம்பூரில் வேலை. ஒரு வழிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். போக வர 160. மாதம் 22 நாள் வேலை என்றால் 3,520 கிலோமீட்டர். வீட்டுத் தவணை, கார் தவணை, டோல் ஆகியவற்றை யாராலும் குறைக்க முடியாது. குறைக்கக்கூடிய ஒரே செலவு எண்ணெய்ச் செலவு. ஆனால் பெரும்பாலோர் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்தப் பெட்ரோல் காருக்குள் எப்படிச் செலவாகிறது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டம் முழுமையாக நடப்புக்கு வந்தபோது, மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று ஆனது. மாதத்துக்கு இத்தனை லிட்டர்தான் மானிய விலையில் என்ற வரம்பும் அதனுடன் வந்தது. தொடக்கத்தில் அது 300 லிட்டர். வரம்பைத் தாண்டினால் சந்தை விலை. முன்பு எண்ணெய் ஊற்றும்போது வெள்ளியை மட்டும் பார்த்தவர்கள், இப்போது லிட்டரையும் பார்க்கிறார்கள். டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தப் பாடம் முன்னதாகவே வந்துவிட்டது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே நாளில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது.

மேலே சொன்ன தஞ்சோங் மாலிம் வாகனமோட்டியையே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய கார் 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் குடித்தால் மாதம் 264 லிட்டர் வேண்டும். அதே கார், அதே சாலையில் 6 லிட்டர் குடித்தால் 211 லிட்டர் போதும். வித்தியாசம் 53 லிட்டர். லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு என்று வைத்தாலும் மாதம் நூறு வெள்ளிக்கு மேல், வருடத்துக்கு 1,200 வெள்ளிக்கு மேல். பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்துக்கு ஆகும் பணம். காருக்குக் கார் எண்கள் மாறும். ஆனால் 7.5-க்கும் 6-க்கும் உள்ள இந்த இடைவெளியை உண்டாக்குவது பெரும்பாலும் இயந்திரம் அல்ல, அதை மிதிக்கும் கால்.

ஒரு டன் எடையுள்ள காரை நின்ற இடத்திலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு வர, காருக்கு ஓர் ஓட்ட சக்தியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோலின் வெப்பத்தில் கால் பங்கைத்தான் ஒரு சாதாரண இயந்திரம் ஓட்டமாக மாற்றும். மீதி சூடாகப் போய்விடும். இந்தக் கணக்கில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேகம் எடுக்க 15 முதல் 20 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆகிறது. இருமல் மருந்துப் புட்டியோடு வரும் சின்னக் கோப்பை அளவு. அடுத்த விளக்கு சிவப்பில் இருப்பது தூரத்திலேயே தெரிந்தும் மிதித்துக்கொண்டே போய், கடைசியில் பிரேக்கை அழுத்தினால், அந்தக் கோப்பைப் பெட்ரோல் முழுவதும் பிரேக் தட்டில் சூடாக மாறிக் காற்றில் கலக்கிறது. ஒரு பயணத்தில் இப்படி முப்பது தடவை என்றால் அரை லிட்டர். போக வர, மாதம் முழுவதும் கணக்குப் போட்டால் இருபது லிட்டருக்கு மேல்.

ஆகவே பெட்ரோலை வீணாக்குவது எக்சிலரேட்டர் மட்டும் அல்ல, பிரேக்கும் சேர்ந்துதான். தேவையில்லாமல் பிரேக் போட வேண்டி வந்தது என்றால், அதற்கு முன்பு தேவையில்லாமல் எண்ணெய் மிதித்திருக்கிறோம் என்று அர்த்தம். திடீரென்று குறுக்கே வரும் மோட்டார் சைக்கிளுக்கும் மாட்டுக்கும் போடுகிற பிரேக் வேறு விஷயம். அங்கே பெட்ரோல் கணக்கு பார்க்கக் கூடாது.

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கின்படி, வெறித்தனமாக வேகமெடுத்துப் பிரேக் போடும் ஓட்டுமுறை, ஒரு லிட்டரில் கார் ஓடும் தூரத்தை நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரையும், நின்று நின்று போகும் நகர நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடு வரையும் குறைத்துவிடும். கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இதற்குச் சாட்சி வேண்டியதில்லை. முன்னால் பத்து மீட்டர் இடம் கிடைத்தவுடன் பாய்ந்து போய் நிற்கும் காரும், அந்த இடத்தை மெதுவாக ஊர்ந்து நிரப்பும் காரும் அடுத்த வெளியேறும் பாதையை ஒரே நேரத்தில்தான் அடைகின்றன.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. கடையில் தே தாரிக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, காரில் ஒரு கொக்கியில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். பை முன்னும் பின்னும் ஆடி டேஷ்போர்டை இடிக்கிறதா, லேசாக மட்டும் அசைகிறதா? ஆட்டம் எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல் வீண். அதற்காக விளக்கு பச்சையானதும் ஆமை போல நகர வேண்டும் என்றில்லை. மிதமாக மிதித்து, சீக்கிரம் மேல் கியருக்குப் போய், வேண்டிய வேகம் வந்ததும் காலைத் தளர்த்துவதே சரி. கை கியர் கார் என்றால் 2,000 முதல் 2,500 சுற்றுக்குள் அடுத்த கியரை மாற்றிவிடலாம். ஆட்டோ கார் என்றால், வேகம் வந்ததும் காலைக் கொஞ்சம் தூக்கினாலே அது தானாக மேல் கியருக்குப் போகும். கீழ் கியரில் நெடுநேரம் இயந்திரத்தை அலறவிட்டு ஓட்டுவதில் யாருக்கும் லாபமில்லை, எண்ணெய்க் கம்பெனியைத் தவிர.

ஃப்ரீ கியர் என்ற பழைய நம்பிக்கை

இறக்கம் வந்தால் கியரை ஃப்ரீயில் தள்ளிவிட்டு உருளவிடுவது பல வருடப் பழக்கம். "இறக்கத்துல எதுக்கு எண்ணெய் செலவு பண்ணணும்?" என்று அப்பா காலத்திலிருந்து சொல்லிக்கொடுத்த பாடம். அந்தக் காலத்தில் அதில் ஓரளவு அர்த்தம் இருந்தது. 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் வைத்த கார்கள். கியரில் இருந்தபடி இறங்கும்போது இயந்திரம் வேகமாகச் சுற்றும், கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் உறிஞ்சப்படும். ஃப்ரீ கியரில் போட்டால் இயந்திரம் மெதுவாகச் சுற்றும், கொஞ்சம் மிச்சமாகும்.

இன்று ஓடும் கார்களில் அநேகமாக எல்லாமே கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிப்பவை. கியரில் இருந்தபடியே எக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டால், ‘இப்போது சக்தி தேவையில்லை’ என்று கணினி புரிந்துகொண்டு பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. இயந்திரத்தைச் சுற்ற வைப்பது அப்போது சக்கரங்கள்தான். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் இயந்திரம் அணையாமல் இருக்க மறுபடி பெட்ரோல் தெளிக்கும். ஆனால் ஃப்ரீ கியரில் தள்ளினால் சக்கரத்துக்கும் இயந்திரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். இயந்திரம் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துச் செய்வது செலவாக முடிகிறது.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். உடனடி எரிபொருள் அளவைக் காட்டும் திரை உள்ள காரில், ஓரளவு நீளமான இறக்கத்தில் கியரில் இருந்தபடி காலை எடுத்துப் பார்த்தால், 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்ற எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் கார்களில் எண் உச்சத்தில் போய் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்வது நல்லது. ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும்.

பெட்ரோலைவிடப் பெரிய விஷயமும் இதில் இருக்கிறது. கேமரன் மலையிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் வளைவுக்கு மேல் வளைவு. கெந்திங்கிலிருந்து இறங்கும் பாதையும் அப்படித்தான். ஃப்ரீ கியரில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும் இயந்திர இழுவை போய்விடும். எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பத்து நிமிடம் தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் அது சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வரும். கருகின வாடை மூக்கில் ஏறும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். கை கியராக இருந்தால் இரண்டாம், மூன்றாம் கியரிலும், ஆட்டோ என்றால் குறிப்பேட்டில் சொன்னபடி எல், எஸ் அல்லது பி நிலையிலும் வைத்து இறங்குவதே முறை. இயந்திரம் சத்தமாகச் சுற்றுகிறதே, எண்ணெய் போகிறதே என்று பயப்பட வேண்டாம். காலை எடுத்திருக்கும்வரை அந்தச் சத்தத்துக்குப் பெட்ரோல் செலவே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் பலர் மலையில் ஃப்ரீ கியருக்குப் போகிறார்கள்.

குரூஸ் கண்ட்ரோல்: எங்கே லாபம், எங்கே நட்டம்

ஒரு வேகத்தைக் குறித்துவிட்டு காலை எடுத்துக்கொண்டால், கார் தானே அந்த வேகத்தைக் காப்பாற்றும் ஏற்பாடுதான் குரூஸ் கண்ட்ரோல். முன்னால் போகும் வண்டியின் தூரத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மேம்பட்ட வகை, இப்போது மைவி, அத்திவா, புரோட்டோன் எக்ஸ்50 போன்ற கார்களின் உயர் ரகங்களிலேயே வருகிறது. ஸ்டீயரிங்கில் அந்தப் பொத்தான்கள் இருந்தும், வாங்கிய நாள் முதல் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

இதைக் கண்டுபிடித்தவர் கண் பார்வை இல்லாத ஒருவர். ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, தான் பேசும் நேரத்தில் வேகத்தைக் குறைப்பாராம், கேட்கும் நேரத்தில் கூட்டுவாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்கு அந்த ஆட்டம் பொறுக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1950-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது, 1958-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் முதன்முதலாக வந்தது. சொகுசுப் பொருளாகக் கிடந்த அது, 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் எண்ணெய் மிச்சப்படுத்தும் கருவியாகப் பார்க்கப்பட்டது. அந்த வழக்கறிஞரின் கால் நம்மில் பலருக்கும் இருக்கிறது. பேச்சு சூடு பிடித்தால் மீட்டர் ஏறும், கைப்பேசி சிணுங்கினால் இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தின் விலை சிறியதல்ல. கனடாவின் இயற்கை வளத் துறை எடுத்துச் சொல்லும் சோதனை ஒன்றில், 75-க்கும் 85-க்கும் இடையே 18 வினாடிக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டியபோது எரிபொருள் செலவு 20 விழுக்காடு வரை கூடியது. பத்துக் கிலோமீட்டர் வித்தியாசம்தான். பயணிக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆகவே பிளஸ் நெடுஞ்சாலையில் சமமாக ஓடும் நீண்ட பகுதிகளில், வண்டி அதிகம் இல்லாத நேரத்தில் குரூஸ் கண்ட்ரோல் உண்மையிலேயே கைகொடுக்கும். தஞ்சோங் மாலிமுக்கும் பீடோருக்கும் இடையே ஞாயிறு காலையில் போகிறவர் அதைத் தாராளமாக அமுக்கலாம். ஆனால் எந்த வேகத்தில் அமுக்குகிறார் என்பதில்தான் சூட்சுமம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 90-இல் இருந்து 110-க்குப் போனால் வேகம் 22 விழுக்காடுதான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ ஏறக்குறைய 50 விழுக்காடு கூடிவிடுகிறது. சக்கர உராய்வு போன்ற மற்ற செலவுகள் அந்த அளவுக்குக் கூடாததால், மொத்தத்தில் சிறிய காருக்குப் பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு அளவில் கூடுதலாகலாம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 110-க்குப் பதிலாக 90-இல் போகிறவருக்கு 24 நிமிடம் அதிகமாகும். 100-இல் போனால் 11 நிமிடம்தான் அதிகம். ஓய்விடத்தில் கழிப்பறைக்கு நிற்கும் நேரம். 110 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு, அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 90-இல் போகிறவர் இடது தடத்தில் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலது தடத்தில் 90-இல் குரூஸ் போட்டுக்கொண்டு போகிறவரைப் பின்னால் வருகிறவர்கள் வாழ்த்த மாட்டார்கள்.

நட்டமாகும் இடம் மேடு. சாதாரண குரூஸ் கண்ட்ரோலுக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. குறித்த வேகம் ஒன்றுதான் தெரியும். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் ஏறும்போதும், காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போதும், வேகம் இரண்டு கிலோமீட்டர் குறைந்தவுடன் அது பதறிக்கொண்டு கியரைக் கீழே இறக்கி, இயந்திரத்தை அலறவிடும். சிறிய இயந்திரம் உள்ள காரில், நாலு பேர் ஏறியிருந்தால் இது நன்றாகவே கேட்கும். அந்த இடத்தில் குரூஸை எடுத்துவிட்டுக் காலால் ஓட்டுவது மேல். மேடு தொடங்குமுன் இருக்கும் ஓட்டத்தோடு ஏறி, மிதியை ஒரே இடத்தில் வைத்திருந்து, வேகம் ஐந்து பத்துக் குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிட வேண்டும். உச்சியைத் தாண்டியதும் காலை எடுத்தால் இறக்கம் அந்த வேகத்தைத் திருப்பிக் கொடுக்கும், அதுவும் இலவசமாக. அனுபவமுள்ள லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். குரூஸ் கண்ட்ரோல் இல்லாத பழைய வீரா, வீவா வைத்திருப்பவர்களும் இந்த வித்தையைச் செய்யலாம். குதிகாலைத் தரையில் ஊன்றி, வேகமானியைத் துரத்தாமல், மிதியை அசையாமல் வைத்துக்கொண்டால் போதும்.

முன்வண்டியைப் பார்த்து ஓடும் மேம்பட்ட வகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இடைவெளியை மிகக் குறைவாக வைத்தால், முன்னால் போகிறவரின் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் நம் கார் அப்படியே பின்பற்றும். அவர் பிரேக் போட்டால் இதுவும் போடும், அவர் பாய்ந்தால் இதுவும் பாயும். இடைவெளியை நீளமாக வைத்தால் ஓட்டம் சீராகும். அந்த இடைவெளியில் யாராவது புகுந்துவிடுவார்களே என்பது நம்மவர்களின் பெரிய கவலை. புகத்தான் செய்வார்கள். ஒருவர் புகுந்தால் பயணத்தில் கூடுவது இரண்டு வினாடி. அடிக்கடி புகும் அளவுக்கு நெரிசல் இருந்தால் அது குரூஸ் போடும் நேரமே அல்ல.

மழையில் அதைத் தொடவே கூடாது. மாலை நேரத்து மழையில் நெடுஞ்சாலையில் தேங்கும் நீரில் சக்கரம் மிதக்கத் தொடங்கினால், ஓட்டுநரின் கால் உடனே தளரும். குரூஸ் கண்ட்ரோல் அதே வேகத்தைக் காப்பாற்ற முயலும். சாலையோரம் நிற்கும் லாரி, சிறிய மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை மேம்பட்ட வகையும் எப்போதும் சரியாகக் கண்டுகொள்ளும் என்று நம்பி இருந்துவிட முடியாது. தூக்கம் வரும் நேரத்திலும் வேண்டாம். காலுக்கு வேலை இல்லாதபோது தூக்கம் இன்னும் சீக்கிரம் வரும்.

மோட்டார் சைக்கிளுக்கும் கணக்கு ஒன்றேதான். கப்சாயில் தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து டவுனுக்குப் போகிறவர், ஒவ்வொரு மேட்டுத் தடைக்கும் இடையே கைப்பிடியை முழுக்க முறுக்கி, பிறகு பிரேக்கைப் பிடித்தால், லிட்டருக்கு ஓடும் தூரம் தானாகக் குறையும். முறுக்கும் மணிக்கட்டுதான் அங்கே வலது கால்.

காலுக்கு வெளியே உள்ள சில விஷயங்களும் உண்டு. நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. காற்று குறைந்தால் 0.2 விழுக்காடு எண்ணெய் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசம். தீபாவளிக்குப் பயணம் போனபோது கூரையில் பொருத்திய சாமான் தாங்கி தைப்பூசம் வரை அங்கேயே இருந்தால், நெடுஞ்சாலையில் தினமும் காற்றோடு சண்டை போடும். பள்ளி வாசலில் குளிர்சாதனத்தைப் போட்டபடி பிள்ளைக்காகக் காத்திருக்கும் கார், ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளிர்சாதனத்தை அணைப்பதால் மிச்சமாகும் என்று எண்ணுவதும் சரியல்ல. உள்ளே புகும் காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னலைத் திறக்கலாம்.

இவை எல்லாம் தன் காரில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்க்க விரும்புகிறவருக்கு ஒரு பேனாவும் பழைய ரசீதும் போதும். பம்பு தானாக நிற்கும்வரை எண்ணெய் நிரப்பி, அதற்கு மேல் திணிக்காமல், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். வழக்கம்போல் ஓட்டி, டாங்கி கால் பங்குக்கு வந்ததும் அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி அதேபோல் நிரப்ப வேண்டும். ரசீதில் உள்ள லிட்டரை 100-ஆல் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கான லிட்டர் கிடைக்கும். 420 கிலோமீட்டருக்கு 31.5 லிட்டர் என்றால் 7.5. அந்த எண்ணை ரசீதின் பின்னால் எழுதி, கண்ணாடி ஓரத்தில் செருகிவிட்டு, அடுத்த டாங்கியைத் தே தாரிக் பை ஆடாமல் ஓட்டிப் பார்க்கலாம். ஒரே டாங்கியில் முடிவு கட்ட வேண்டாம், மழையும் நெரிசலும் எண்ணை மாற்றும். இரண்டு மூன்று டாங்கிகளின் ரசீதுகளை அடுத்தடுத்து வைத்தால் தெரிந்துவிடும்.